பணக்கார அணிகளைச் சின்னக் கல்லூரி அணி வீழ்த்துவது எப்படி? அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

2022 செப்டம்பர் 10, சனிக்கிழமை. வட கரோலினா மலைப்பகுதியில் பூன் என்ற சிற்றூரிலிருந்து கிளம்பிப் போன அப்பலாச்சியன் ஸ்டேட் அணி, தேசத் தரவரிசையில் 6ஆம் இடத்தில் இருந்த டெக்சாஸ் ஏ அண்ட் எம் அணியை அதன் சொந்த மைதானத்திலேயே 17–14 என்று வீழ்த்தியது. அதே நாளில் மேற்கு வர்ஜீனியாவின் மார்ஷல், 8ஆம் இடத்தில் இருந்த நோட்டர் டேமை 26–21 என்று ஜெயித்தது. இரவு ஜார்ஜியா சதர்ன், நெப்ராஸ்காவை 45–42 என்று சாய்த்தது. மூன்று சின்ன அணிகளும் சன் பெல்ட் என்ற ஒரே லீக்கைச் சேர்ந்தவை. நெப்ராஸ்கா மறுநாளே தன் தலைமைப் பயிற்சியாளரை வேலையை விட்டு அனுப்பிவிட்டது.

இந்த மூன்றும் பணம் கொடுத்து அழைக்கப்பட்ட அணிகள் என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். பெரிய அணிகள் தங்கள் மைதானத்தில் சுலபமாக ஒரு வெற்றியைச் சேர்த்துக்கொள்ள, சின்ன அணிகளுக்குக் கூலி கொடுத்து வரவழைப்பது அங்கே வழக்கம். அப்பலாச்சியன் ஸ்டேட்டுக்கு அன்று 15 லட்சம் டாலர். வாங்கிக்கொண்டு தோற்றுப் போக வேண்டியவர்கள், வாங்கிக்கொண்டு ஜெயித்துவிட்டுப் போனார்கள்.

இது எப்படி நடக்கிறது, திட்டம் போட்டு நடக்க வைக்க முடியுமா என்பதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்லப் போகிறேன். ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை: இது நாம் காலால் உதைக்கிற கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடுகிற, எறிகிற அமெரிக்க ஃபுட்பால். 4 முயற்சிக்குள் 10 கெஜம் முன்னேற வேண்டும். முடியாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். ஒரு பக்கம் 11 பேர், மொத்தம் 60 நிமிடம். இவ்வளவு தெரிந்தால் மீதியைப் பின்தொடரலாம்.

படி 1: பண இடைவெளியை நேராகப் பாருங்கள்

டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறை 2023–24 நிதியாண்டில் 33 கோடி டாலருக்கு மேல் வருமானம் பார்த்தது. பிக் டென் லீக்கில் இருக்கும் பெரும்பாலான கல்லூரிகளுக்கு லீக் பங்காக மட்டும் ஆண்டுக்கு 6 கோடி டாலருக்கு மேல் வருகிறது. சன் பெல்ட், மிட்-அமெரிக்கன் மாதிரியான சின்ன லீக்குகளில் தொலைக்காட்சிப் பணம் அதற்குப் பக்கத்தில்கூட வராது.

வீரர்களுக்குப் பணம் தருவது பற்றிய ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு 2025 ஜூனில் நீதிமன்றம் ஒப்புதல் கொடுத்த பிறகு இந்த இடைவெளிக்கு ஒரு தெளிவான எண்ணே கிடைத்துவிட்டது. கல்லூரிகள் தங்கள் வருமானத்திலிருந்து வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். முதல் ஆண்டுக்கான உச்சவரம்பு, எல்லா விளையாட்டுகளையும் சேர்த்து, ஒரு கல்லூரிக்குச் சுமார் 2.05 கோடி டாலர். பெரிய கல்லூரிகள் அந்த வரம்பை முட்டிக்கொண்டு நிற்கின்றன. சின்ன கல்லூரி அதில் பத்தில் ஒரு பங்கைத் திரட்டவே திணறும். பல இடங்களில் விளையாட்டுத் துறையே மாணவர்கள் கட்டும் கட்டணத்தில்தான் ஓடுகிறது. அமெரிக்காவில் பிள்ளையைப் படிக்க வைக்கும் நம் வீட்டுப் பெற்றோர் செமஸ்டர் ரசீதை ஒருமுறை உற்றுப் பாருங்கள், அத்லெடிக்ஸ் கட்டணம் என்று ஒரு வரி இருக்கலாம்.

சரி, பணம் எதை வாங்குகிறது? முதலாவது, உருவம். 135 கிலோ எடையும் வேகமான காலும் ஒன்றாக வாய்த்த இளைஞர்கள் உலகத்திலேயே குறைவு. அவர்களில் பெரும்பாலோரைப் பணக்கார அணிகள் பள்ளிப் பருவத்திலேயே கொத்திக்கொண்டு போய்விடும். இரண்டாவது, ஆழம். முதல் ஆள் களைத்தால் இரண்டாவது ஆளும் அதே தரத்தில் இருப்பான். அதனால்தான் சின்ன அணிகள் மூன்றாவது கால் பகுதி வரை தாக்குப்பிடித்து நான்காவதில் உடைகின்றன. மூன்றாவது, நிலைத்தன்மை. நல்ல வீரனையும் நல்ல பயிற்சியாளரையும் போகாமல் வைத்துக்கொள்ளும் வசதி.

பணம் ஒழுங்கையோ பொறுமையையோ வாங்கித் தராது. ஏ அண்ட் எம் 2023இல் ஒரு பயிற்சியாளரை ஒப்பந்தக் காலம் முடிவதற்கு முன்பே அனுப்ப மட்டும் 7.5 கோடி டாலருக்கு மேல் ஒப்புக்கொண்டது. பணம் இருக்கும் இடத்தில் தவறு செய்யவும் வசதி இருக்கிறது. உங்களுக்கு அந்த வசதி இல்லை. கீழே சொல்லும் எல்லாப் படிகளும் அதிலிருந்துதான் வருகின்றன.

படி 2: ஒரே ஒரு பாணியைத் தேர்ந்தெடுத்து வருடக்கணக்கில் விடாதீர்கள்

சின்ன அணி செய்யும் பெரிய தவறு, பெரிய அணி ஆடுவதையே மலிவான ஆட்களை வைத்து ஆடிப் பார்ப்பது. அதே ஆட்டத்தை அதே மாதிரி ஆடினால் நல்ல ஆட்கள் இருக்கிற பக்கம்தான் ஜெயிக்கும். ஆட்டத்தையே வேறு மாதிரி ஆட வேண்டும்.

ராணுவக் கல்லூரிகளைப் பாருங்கள். வெஸ்ட் பாயின்ட்டில் இருக்கும் ஆர்மி அணிக்குப் படித்து முடித்ததும் ராணுவத்தில் சேர வேண்டிய பையன்கள்தான் வருவார்கள். அரசு ஊழியர்கள் என்பதால் விளம்பரப் பணமும் கிடையாது. எடையிலும் எதிராளியை விடக் குறைவு. ஆனால் அவர்கள் ஆடுவது ஆப்ஷன் ஆட்டம். தற்காப்பில் நிற்கும் ஒரு பலசாலியை வேண்டுமென்றே யாரும் தடுக்காமல் விட்டுவிடுவார்கள். அவன் எந்தப் பக்கம் பாய்கிறான் என்று பார்த்து, குவார்ட்டர்பேக், அதாவது பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்துகிறவன், அதை மற்றப் பக்கம் கொடுப்பான். தடுக்கவே முடியாத ஆளை ஏன் தடுக்க வேண்டும்? அவனுடைய வேகத்தையே அவனுக்கு எதிராகத் திருப்பிவிடுகிறார்கள். எதிரணிக்கு இதில் இன்னொரு தலைவலியும் உண்டு. வருடத்தில் ஒரே ஒரு முறை எதிர்கொள்ளும் இந்த ஆட்டத்துக்குத் தயாராக அவர்களுக்குக் கிடைப்பது மூன்று, நான்கு நாள் பயிற்சி. அவர்களுடைய மாற்று வீரர்களால் அதை அதே வேகத்தில் ஆடிக் காட்டவும் முடியாது.

2018இல் ஆர்மி, ஓக்லஹோமாவின் மைதானத்துக்குப் போய் ஆட்டத்தைக் கூடுதல் நேரம் வரை இழுத்தது. 60 நிமிடத்தில் ஏறக்குறைய 45 நிமிடம் பந்து ஆர்மியின் கையில் இருந்தது. எதிரணியின் குவார்ட்டர்பேக் கைலர் மர்ரி அந்த ஆண்டின் மிகச் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருது வாங்கியவர். அவரைப் பெரும்பாலான நேரம் உட்கார வைத்தார்கள். கடைசியில் 28–21 என்று தோற்றார்கள் என்றாலும், பார்த்த எல்லாருக்கும் பாடம் புரிந்தது. 2024இல் ஆர்மி 12 வெற்றி பெற்று அமெரிக்கன் லீக்கின் பட்டத்தை எடுத்தது. 1890இல் ஆட ஆரம்பித்த அணிக்கு அதுதான் முதல் லீக் பட்டம்.

2013 நவம்பரில் ஜார்ஜியா சதர்ன் இன்னும் ஒரு படி மேலே போனது. அப்போது அது ஒரு தட்டு கீழே, எஃப்சிஎஸ் பிரிவில் இருந்த அணி. ஃப்ளோரிடாவை அதன் மைதானத்திலேயே 26–20 என்று ஜெயித்த அந்த ஆட்டத்தில், அவர்கள் எறிந்த ஒரு பந்துகூடப் பிடிபடவில்லை. ஓடியே 429 கெஜம்.

ஓடித்தான் ஜெயிக்க வேண்டும் என்றில்லை. பயிற்சியாளர்கள் ஹால் மம்மியும் மைக் லீச்சும் ஐயோவா வெஸ்லியன், வால்டோஸ்டா ஸ்டேட் என்று யாரும் கவனிக்காத கல்லூரிகளில் 1990களின் முற்பகுதியில் ஏர் ரெய்டு என்ற எறிதல் ஆட்டத்தை வளர்த்தார்கள். மிகக் குறைவான ஆட்ட வரைவுகள், அவற்றையே திரும்பத் திரும்ப, கண்ணை மூடிக்கொண்டு ஆடுகிற அளவுக்குப் பயிற்சி. தடுப்பு வீரர்களை அகல அகலமாக நிறுத்தி, எதிரணியின் பலசாலிகள் குவார்ட்டர்பேக்கை அடைய ஓட வேண்டிய தூரத்தையே கூட்டிவிட்டார்கள். இந்த முறையை வைத்துத்தான் லீச்சின் டெக்சாஸ் டெக் 2008இல் அப்போது முதலிடத்தில் இருந்த டெக்சாஸை 39–33 என்று வீழ்த்தியது.

எதைத் தேர்ந்தெடுப்பது? உங்கள் வட்டாரம் எப்படிப்பட்ட பையன்களைத் தருகிறதோ அதைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். டெக்சாஸில் எறியவும் பிடிக்கவும் தெரிந்த பையன்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். டகோட்டா, மினசோட்டா பக்கம் பண்ணை வீட்டுப் பையன்கள், உயரமும் எலும்பும் உள்ளவர்கள். நார்த் டகோட்டா ஸ்டேட் அதைப் புரிந்துகொண்டு, மற்றவர்கள் பழசு என்று ஒதுக்கிய முட்டி மோதி ஓடும் ஆட்டத்தைக் கையில் எடுத்தது. 2011 முதல் 2024 வரை எஃப்சிஎஸ் பட்டத்தை 10 முறை ஜெயித்தது. கன்சாஸ் ஸ்டேட்டை 2013இலும் ஐயோவாவை 2016இலும் அவர்கள் மைதானத்திலேயே தோற்கடித்தது.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். வித்தியாசமாக இருப்பது மட்டும் போதாது. ஆர்கன்சாவில் ஒரு பள்ளி அணியைப் பன்ட் உதையே (நான்காவது முயற்சியில் பந்தைத் தூர உதைத்து எதிரணிக்குக் கொடுப்பது) உதைக்காமல் ஆட வைத்துப் பல மாநிலப் பட்டங்கள் வென்ற கெவின் கெல்லி, 2021இல் பிரஸ்பிடீரியன் கல்லூரிக்கு வந்தார். முதல் ஆட்டத்தில் 84 புள்ளி, அவருடைய குவார்ட்டர்பேக் 10 டச்டவுன் (பந்தை எதிரணியின் கடைசி எல்லைக்குள் கொண்டு சேர்ப்பது) எறிந்தார். முதல் இரண்டு ஆட்டம் ஜெயித்தார்கள். அப்புறம் தொடர்ந்து 9 தோல்வி, ஒரே ஆண்டில் அவர் விலகிவிட்டார். ஒரு பாணி வேரூன்ற அதற்கேற்ற ஆட்களைச் சேர்க்க வேண்டும், அவர்கள் இரண்டு மூன்று வருடம் ஒன்றாக ஆட வேண்டும். அந்தக் காலத்தைக் கொடுக்கத் தயாரில்லாத நிர்வாகம் புதுமை பக்கமே போக வேண்டாம் என்பேன்.

படி 3: பணக்காரர்கள் பார்க்காத இடத்தில் ஆள் தேடுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

ஜாஷ் ஆலன் கலிஃபோர்னியாவில் ஃபயர்பா என்ற விவசாய ஊர்ப் பையன். பள்ளி முடித்தபோது ஒரு பெரிய கல்லூரியும் கூப்பிடவில்லை. ரீட்லி என்ற இரண்டாண்டுக் கல்லூரியில் ஆடினான். நாடு முழுக்க இருக்கும் பயிற்சியாளர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினான். கடைசியில் கை கொடுத்தது வயோமிங். 2018இல் தொழில்முறை லீக்கான என்எஃப்எல், கல்லூரி வீரர்களை எடுக்கும் தேர்வில் 7ஆவது ஆளாகப் போனான்.

லெய்ட்டன் வேண்டர் எஷ் ஐடஹோவின் ரிகின்ஸ் என்ற குட்டி ஊர். பள்ளியில் 11 பேர் அணி போட ஆள் இல்லாததால் 8 பேர் ஃபுட்பால் ஆடியவன். பாய்ஸி ஸ்டேட்டில் உதவித்தொகை இல்லாமல், அதாவது வாக்-ஆனாக, சேர்ந்து முதல் சுற்றில் டல்லஸ் அணிக்குத் தேர்வானான். கலீல் மேக் பஃபலோ பல்கலைக்கழகம். பள்ளியில் ஐந்துக்கு இரண்டு நட்சத்திர மதிப்பீடு, 2014 தேர்வில் 5ஆவது ஆள். டிரே லேன்ஸை அவன் ஊர்ப் பக்கத்துப் பெரிய கல்லூரி தற்காப்பு வீரனாகத்தான் கேட்டது. குவார்ட்டர்பேக்காகவே ஆடு என்று சொன்னது நார்த் டகோட்டா ஸ்டேட். அவன் 2021இல் 3ஆவது ஆள்.

இவர்களுக்குள் ஒரு ஒற்றுமை இருக்கிறது. 16, 17 வயதில் எடுக்கிற மதிப்பீட்டில் இவர்கள் சிக்கவில்லை. ஒருவன் தாமதமாக வளர்ந்தான், ஒருவன் யாரும் போகாத ஊரில் இருந்தான், ஒருவனைத் தவறான இடத்தில் வைத்துப் பார்த்தார்கள். உங்கள் தேடல் பட்டியலை அதற்கேற்ப அமைக்கலாம்:

- கல்லூரியிலிருந்து மூன்று, நான்கு மணி நேரக் கார் பயணத்துக்குள் இருக்கும் ஒவ்வொரு பள்ளிக்கும் வருடம் ஒருமுறையாவது நேரில் போங்கள். ஆட்டக்காரனே இல்லாத வருடமும் போங்கள். அந்தப் பள்ளிப் பயிற்சியாளர் அடுத்த நல்ல பையனைப் பற்றி முதலில் உங்களுக்குத்தான் போன் செய்வார்.
- ஃபுட்பால் வீடியோவோடு நிறுத்தாமல் கூடைப்பந்து, மல்யுத்தம், தடகள முடிவுகளையும் பாருங்கள். 110 கிலோ பையன் கூடைப்பந்து மைதானத்தில் லேசாகக் கால் வைக்கிறானா என்பது பல வீடியோக்களை விட அதிகம் சொல்லும்.
- கை, கால், தோள் அளவையும் அப்பா, மாமா உயரத்தையும் கேளுங்கள். இன்னும் வளரப் போகிறவனுக்கும் வளர்ந்து முடிந்தவனுக்கும் வித்தியாசம் அங்கேதான் தெரியும்.
- சேர்ந்தவனை அவசரப்பட்டு இறக்காதீர்கள். முதல் வருடம் ரெட்ஷர்ட் என்று பயிற்சிக்கும் உடற்கட்டுக்கும் விட்டுவிடுங்கள்.

பள்ளிப் பயிற்சியாளர்களின் நம்பிக்கை எவ்வளவு பெரிய சொத்து என்பதற்கு சான் ஆன்டோனியோவில் இருக்கும் யுடிஎஸ்ஏ உதாரணம். 2011இல்தான் முதல் ஆட்டமே ஆடிய கல்லூரி. கில்மர் என்ற ஊரில் மூன்று மாநிலப் பட்டம் வென்ற முன்னாள் பள்ளிப் பயிற்சியாளரான ஜெஃப் டிரெய்லரை 2020 சீசனுக்குத் தலைமைப் பயிற்சியாளர் ஆக்கினார்கள். 2021, 2022 இரண்டு ஆண்டும் லீக் பட்டம் அவர்களுக்கு.

இப்போது ஒரு புதிய வாய்ப்பும் திறந்திருக்கிறது. ஹவுஸ் சமரசத்தை ஏற்ற கல்லூரிகளில் ஃபுட்பால் அணிக்கு 105 பேர் என்று வரம்பு வந்துவிட்டது. முன்பு பெரிய அணிகளில் 120 பேருக்கு மேல் இருப்பார்கள். உதவித்தொகை இல்லாமல் ஓரத்தில் காத்திருந்த பையன்களில் பலருக்கு இனி அங்கே இடமில்லை. அவர்களில் ஆடத் துடிக்கிறவர்களைத் தேடிப் போங்கள்.

படி 4: டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் இரண்டு பக்கமும் திறக்கும் கதவு

டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் என்பது கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் பட்டியல். 2021இலிருந்து ஒரு வீரன் ஒரு வருடம் வெளியே உட்காராமல் கல்லூரி மாறலாம். 2024இலிருந்து எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம். அதே 2021 ஜூலையில்தான் வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரப் பணம் வாங்கும் என்ஐஎல் உரிமையும் வந்தது. இரண்டும் சேர்ந்து சின்ன அணிகளின் வயிற்றில் புளியைக் கரைத்தன. மூன்று வருடம் வளர்த்த பையனை நான்காவது வருடம் பணக்கார அணி கூட்டிக்கொண்டு போய்விடும்.

போகிறவனைத் துரோகி என்று திட்டாதீர்கள். மனதார இதைச் சொல்கிறேன். வீட்டுக் கடனை அடைக்கும் அளவுக்குப் பணம் வந்தால் 21 வயதுப் பையன் போகத்தான் செய்வான். நல்ல முறையில் அனுப்பி வையுங்கள். அவன் தம்பி உங்களிடம் வரலாம்.

ஆனால் எல்லாரும் போவதில்லை. பாய்ஸி ஸ்டேட்டின் ஆஷ்டன் ஜென்டி வேறு இடத்தில் கூடுதல் பணம் கிடைக்கும் நிலையிலும் அங்கேயே இருந்தான். 2024இல் 2,601 கெஜம் ஓடினான், அணி தேசியப் பட்டத்துக்கான பிளேஆஃப் சுற்றுக்குப் போனது, அவன் ஹைஸ்மன் வாக்கெடுப்பில் இரண்டாவது வந்தான். இருக்க வைப்பது எப்படி என்றால், சீசன் முடிந்த பிறகு பேச ஆரம்பிக்காதீர்கள். 2026 முதல் போர்ட்டல் ஜனவரியில் ஒரே முறை, 15 நாள் மட்டும் திறக்கிறது. அக்டோபர், நவம்பரிலேயே ஒவ்வொரு முக்கிய வீரனோடும் அவன் குடும்பத்தோடும் உட்கார்ந்து, அடுத்த வருடம் உன் இடம் இது, எங்களால் தர முடிந்தது இவ்வளவு என்று மூடி மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

இருக்கும் சிறு பணத்தை எல்லாருக்கும் பிரித்துக் கொடுத்தால் யாரையும் பிடித்து வைக்க முடியாது. குவார்ட்டர்பேக், அவருடைய பார்வைக்குப் படாத பக்கத்தைக் காக்கும் தடுப்பு வீரர், எதிரணிக் குவார்ட்டர்பேக்கைத் துரத்தும் ஒருவர் என்று முதலில் மூன்று இடத்துக்குப் போடுங்கள்.

உள்ளே வரும் பக்கமும் இருக்கிறது. பயிற்சியாளர் கர்ட் சிக்னெட்டி 2023 சீசனுக்குப் பிறகு ஜேம்ஸ் மேடிசனிலிருந்து இந்தியானாவுக்குப் போனபோது பழைய வீரர்கள் பத்துப் பேருக்கு மேல் கூடவே போனார்கள். தோல்விக்குப் பேர்போன இந்தியானா 2024இலேயே 11 வெற்றி பெற்றுப் பிளேஆஃப் போனது. என்ன ஆகக்கூடும் என்ற ஊகத்தை விட, களத்தில் ஏற்கெனவே என்ன செய்து காட்டியிருக்கிறான் என்பதைத்தான் அவர் பார்த்தார். பெரிய அணியில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த ஐந்து நட்சத்திரக்காரனை விட, கீழ்த்தட்டில் மூன்று வருடம் முழுசாக ஆடியவன் மேல்.

டியகோ பவியா கதையும் அதுதான். நியூ மெக்சிகோவில் ஒரு இரண்டாண்டு ராணுவப் பள்ளி அணியை தேசியப் பட்டம் வரை கொண்டுபோனவன். பெரிய கல்லூரிகள் கண்டுகொள்ளவில்லை. நியூ மெக்சிகோ ஸ்டேட்டுக்கு வந்து 2023இல் ஆபர்னை 31–10 என்று புரட்டினான். அடுத்த ஆண்டு வேண்டர்பில்ட் அவனோடு அவனுடைய தாக்குதல் பயிற்சியாளரையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டது. 2024 அக்டோபரில் வேண்டர்பில்ட், முதலிடத்தில் இருந்த அலபாமாவை 40–35 என்று ஜெயித்தது.

படி 5: விரலுக்குத் தகுந்த வீக்கம், ஆனால் விரல் எல்லாருக்கும் தெரியட்டும்

காசு கொடுத்து அழைக்கும் ஆட்டங்களை வருடத்துக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். பணத்துக்காக மூன்றாவதை ஏற்றால், லீக் ஆட்டம் தொடங்கும்போது பாதி அணி காயத்தோடு கிடக்கும்.

பெயர் தெரிய வைக்க 1986இல் பாய்ஸி ஸ்டேட் மைதானத்துப் புல்லையே நீல நிறமாக்கியது. சேனல் மாற்றிக்கொண்டே போகிறவன் அந்த நீலத்தைப் பார்த்ததும் நின்றுவிடுவான், இன்றுவரை நிற்கிறான். மிட்-அமெரிக்கன் லீக் நவம்பரில் சனிக்கிழமையை விட்டுவிட்டு செவ்வாய், புதன் இரவுகளில் ஆடுகிறது. குளிரில் மைதானத்துக்குக் கூட்டம் குறையும்தான். ஆனால் அன்று இரவு தேசம் முழுக்கத் தொலைக்காட்சியில் வேறு கல்லூரி ஆட்டமே அதிகம் இருக்காது.

ஊரின் ஆதரவு என்னவெல்லாம் செய்யும் என்பதற்கு பர்மிங்ஹாம் நகரத்தின் யுஏபி பல்கலைக்கழகம் உதாரணம். 2014 டிசம்பரில் செலவு கட்டுப்படியாகாது என்று அணியையே கலைத்தார்கள். பழைய மாணவர்கள், வியாபாரிகள், மாணவர்கள், நகர நிர்வாகம் எல்லாரும் சேர்ந்து பணம் திரட்ட, 2017இல் அணி திரும்பி வந்தது. பயிற்சியாளர் பில் கிளார்க் வேறு வேலைக்குப் போகாமல் காத்திருந்தார். திரும்பிய முதல் ஆண்டே 8 வெற்றி, அடுத்த ஆண்டு லீக் பட்டம்.

படி 6: பெரிய அணியை எதிர்கொள்ளும் அந்த ஒரு சனிக்கிழமை

இங்கே கொஞ்சம் கணக்குப் போடுவோம். ஒவ்வொரு சுற்றிலும் பெரிய அணி ஜெயிக்க 60 சதவீத வாய்ப்பு என்று வையுங்கள். 3 சுற்றில் 2 ஜெயிக்க வேண்டும் என்றால் சின்ன அணியின் வாய்ப்பு 35 சதவீதம். 7 சுற்றில் 4 என்றால் 29. 15 சுற்றில் 8 என்றால் 21. சுற்று குறையக் குறைய பலவீனமானவனுக்கு நல்லது. ஆகவே ஆட்டத்தைக் குறுக்குங்கள்.

எப்படி? ஒவ்வொரு முயற்சிக்கும் இடையில் 40 விநாடி கிடைக்கும். அதில் 37 விநாடி வரை காத்திருந்து பந்தை எடுங்கள். உள்ளே ஓடுங்கள், வெளிக்கோட்டைத் தாண்டாதீர்கள், கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கட்டும். 2023இல் வந்த விதி மாற்றமும் கை கொடுக்கிறது: முன்பெல்லாம் 10 கெஜம் எடுத்ததும் கடிகாரம் நிற்கும், இப்போது ஒவ்வொரு அரைப்பகுதியின் கடைசி 2 நிமிடத்தில் மட்டும்தான் நிற்கிறது. முதலில் சொன்ன ஏ அண்ட் எம் ஆட்டத்தில் அப்பலாச்சியன் ஸ்டேட் பந்தை 41 நிமிடத்துக்கு மேல் வைத்திருந்தது. அவர்கள் 82 முறை ஆடினார்கள், எதிரணிக்குக் கிடைத்தது 38 முறை. அவ்வளவு பணம் போட்டுச் சேர்த்த வீரர்கள் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்னொரு லாபமும் உண்டு. உங்கள் தற்காப்பு களைக்காது, ஆழம் இல்லாத குறை வெளியே தெரியாது.

பந்து கையில் இருக்கும் நேரம் இவ்வளவு அருமையானது என்றால், நான்காவது முயற்சியில் உதைத்துக் கொடுத்துவிடுவது வீண். நடு மைதானத்தைத் தாண்டி ஒன்றிரண்டு கெஜம் தேவைப்பட்டால் துணிந்து ஆடுங்கள். ஆனால் அந்த முடிவை ஆட்டத்துக்கு முன்பே, வியாழக்கிழமையே, எழுதி வைத்துவிடுங்கள். எழுபதாயிரம் பேர் கத்தும்போது பயிற்சியாளரின் தைரியம் கொஞ்சம் சுருங்கத்தான் செய்யும். எழுதிய தாள் சுருங்காது.

அடுத்து, உதை ஆட்டங்கள். பெரிய அணிகளில் நட்சத்திர வீரர்களை அதில் இறக்க மாட்டார்கள், பயிற்சி நேரமும் அதற்குக் குறைவு. அங்கேதான் விரிசல். 2007 செப்டம்பர் 1, ஆன் ஆர்பர் மைதானத்தில் 1,09,000 பேருக்கு மேல். 5ஆம் இடத்தில் இருந்த மிச்சிகன், கடைசி விநாடிகளில் ஒரு ஃபீல்டு கோல் (கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைப்பது) அடித்தால் வெற்றி. அப்பலாச்சியன் ஸ்டேட்டின் கோரி லின்ச் பாய்ந்து அதைத் தடுத்தார். 34–32. 2024 செப்டம்பரில் நார்தர்ன் இல்லினாய் நோட்டர் டேமை 16–14 என்று ஜெயித்தபோதும் கடைசி விநாடி ஃபீல்டு கோலைத் தடுத்துத்தான் ஆட்டத்தை முடித்தார்கள். 17 வருட இடைவெளியில் ஒரே மாதிரி முடிவு. இதை நான் அதிர்ஷ்டம் என்று எடுத்துக்கொள்ள மாட்டேன். வாரத்துக்கு ஒரு முழுப் பயிற்சி நேரத்தை இதற்கு ஒதுக்குங்கள், உங்கள் மிகச் சிறந்த வீரர்களையே அங்கே நிறுத்துங்கள்.

தந்திர ஆட்டங்களைச் சேமித்து வைத்து, இக்கட்டான நேரத்தில் எடுங்கள். 2007 ஜனவரி 1, ஃபியஸ்டா போல் என்ற பெரிய ஆட்டத்தில் பாய்ஸி ஸ்டேட், ஓக்லஹோமாவை விட 7 புள்ளி பின்தங்கியிருந்தது. கடைசி நான்காவது முயற்சி, 18 கெஜம் தேவை. ஒருவன் பந்தைப் பிடித்து எதிர்ப்பக்கம் ஓடி வந்தவனிடம் தட்டிவிட, 7 விநாடி மிச்சம் இருக்கும்போது டச்டவுன். கூடுதல் நேரத்தில் மறுபடியும் நான்காவது முயற்சி. அப்போது பந்தை எறிந்தவர் குவார்ட்டர்பேக் இல்லை, பிடிக்கும் வீரர். அதுவும் டச்டவுன். அதன் பின் கிடைக்கும் கூடுதல் முயற்சியில் ஒரு புள்ளி எடுத்துச் சமன் செய்திருக்கலாம். பயிற்சியாளர் கிறிஸ் பீட்டர்சன் இரண்டு புள்ளிக்குப் போனார். குவார்ட்டர்பேக் வலது கையால் எறிவது போல் காட்டி, இடது கையால் முதுகுக்குப் பின்னால் இயன் ஜான்சனிடம் பந்தைக் கொடுக்க, ஓக்லஹோமா மொத்தமும் தவறான பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. 43–42. நீண்ட ஆட்டத்தில் மெல்ல மெல்லத் தோற்பதை விட ஒரே முயற்சியில் முடிவைத் தேடியது சரியான கணக்கு. மேலே போட்ட சுற்றுக் கணக்கைத் திரும்பப் பாருங்கள்.

பந்தை இழக்காதீர்கள், தேவையில்லாத அபராதம் வாங்காதீர்கள். இது எல்லாருக்கும் தெரிந்ததுதான், அதனால் இதில் நிற்கவில்லை.

படி 7: ஜெயித்த பிறகு

சின்ன அணிக்கு மிக ஆபத்தான வாரம், பெரிய வெற்றிக்கு அடுத்த ஆட்டம்தான். நோட்டர் டேமை ஜெயித்த நார்தர்ன் இல்லினாய், அடுத்த ஆட்டத்திலேயே பஃபலோவிடம் கூடுதல் நேரத்தில் தோற்றது. தோற்ற நோட்டர் டேமோ அந்த சீசனில் தேசிய இறுதி ஆட்டம் வரை போனது.

ஜெயித்தால் உங்கள் பயிற்சியாளரைத் தேடி ஆள் வருவார்கள். ஒப்பந்தத்தில் விலகல் தொகையை நல்ல கனமாக எழுதுங்கள். போகிறவர் விட்டுச் செல்லும் பணம் அடுத்தவருக்கு உதவியாளர்களை அமர்த்த உதவும். அதை விட முக்கியம், அடுத்தவர் யார் என்று முன்கூட்டியே தெரிந்திருப்பது. நார்த் டகோட்டா ஸ்டேட்டில் கிரேக் போல், கிறிஸ் கிளைமன், மேட் என்ட்ஸ், டிம் பொலாசெக் என்று பயிற்சியாளர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். போலுக்குப் பின் வந்த மூவருமே அதே அணியில் உதவியாளராக வேலை பார்த்தவர்கள். பாணி மாறவில்லை, கோப்பையும் நிற்கவில்லை. பாய்ஸியில் பீட்டர்சனும் உள்ளிருந்து வந்தவர்தான்.

இலக்கையும் சரியாக வையுங்கள். 2024, 2025 சீசன்களில் 12 அணி பிளேஆஃபில், தரவரிசையில் முன்னால் இருந்த 5 லீக் சாம்பியன்களுக்கு இடம் உறுதியாக இருந்தது. சின்ன லீக்குகளிலிருந்து ஒருவருக்காவது கதவு திறந்தே இருந்தது என்று அர்த்தம். 2025இல் டுலேன், ஜேம்ஸ் மேடிசன் என்று இரண்டு அணிகளே உள்ளே போயின. செப்டம்பரில் ஒரு பெரிய அணியைச் சாய்ப்பதை விட, அக்டோபர், நவம்பரில் உங்கள் அளவுள்ள அணிகளை வாரம் தவறாமல் ஜெயிப்பதுதான் அங்கே கொண்டுபோகும். பயிற்சி நேரத்தையும் பணத்தையும் அந்த விகிதத்தில் பிரியுங்கள்.

மிச்சிகனை ஜெயித்த 2007 அப்பலாச்சியன் ஸ்டேட் அணி அந்த சீசனில் தன் சொந்த லீக்கிலேயே இரண்டு ஆட்டம் தோற்றது. ஆனால் விடவில்லை. டிசம்பரில் சட்டனூகாவில் நடந்த எஃப்சிஎஸ் இறுதியில் டெலவேரை 49–21 என்று ஜெயித்து, தொடர்ந்து மூன்றாவது ஆண்டாகக் கோப்பையோடு பூனுக்குத் திரும்பியது.